மூக்கு டாக்டரின் வாய்

அவருக்கு மூக்கு டாக்டர் என்று பட்டம் கொடுத்தவர் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவர். படிப்புக்கும் பட்டத்துக்கும் சம்பந்தம் கிடையாது. கண்ணாடிக் கடைக்கு வருகிறவர்களின் முகத்தில் கண்ணாடியைப் பொருத்துவது அவர் வேலை. கண்ணாடி என்ன விலைக்கு வாங்கியதாக இருந்தாலும், மூக்கில் ஒழுங்காக உட்காரவில்லை என்றால் அது கண்ணாடியே இல்லை என்பது அவர் கட்சி. அந்தக் கட்சியில் அவர் ஒருவரே தலைவர், அவர் ஒருவரே தொண்டர். யாராவது மறுத்துப் பேசினால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. கோபமும் அவருக்கு மூக்கு நுனியில்தான் இருந்தது.

வேலையில் சுத்தம். அதை யாரும் குறை சொல்ல முடியாது. வந்தவரை உயரமான முக்காலியில் உட்கார வைத்து, எதிரே இன்னொரு முக்காலியை இழுத்துப் போட்டு, முட்டியோடு முட்டி இடிக்க உட்காருவார். சின்ன அளவுகோலைப் புருவத்துக்குக் கீழே வைத்து, ஒரு கண்ணின் பாவையிலிருந்து மறு கண்ணின் பாவை வரை எத்தனை மில்லிமீட்டர் என்று பார்ப்பார். இதை எட்டி நின்று செய்ய முடியாது. ஒரு சாண் தூரத்தில் முகத்துக்கு முகம் வைத்துத்தான் செய்ய வேண்டும். கண்ணாடி தயாரானதும் மறுபடி அதே முக்காலி. காதுக் கம்பியைச் சூடாக்கி வளைப்பார். மூக்கில் உட்காரும் பொட்டுகளை நிமிர்த்துவார். கடைசியில் லென்ஸின் மேல் 'ஹா' என்று வாயால் ஊதி, துணியால் துடைத்து, தானே மாட்டிவிடுவார்.

முக்காலியில் உட்காருகிறவர்களில் பலர் பின்னால் சாய்வார்கள். அதற்கும் அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். ஆள் கிட்டே வந்தால் சிலருக்குக் கூச்சம். கூச்சத்துக்கு வைத்தியமும் வைத்திருந்தார். இடது கையால் அவர்களுடைய பிடரியை மெல்லப் பிடித்து, முகத்தைத் தன் முகத்துக்கு நேராக முன்னால் கொண்டுவந்து, "ஆடாதீங்க, மூச்ச நல்லா விடுங்க" என்பார். பாவம், அவர்கள் மூச்சை விடவும் முடியாமல் இழுக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்கள் என்பது அவருக்குத் தெரியாது. தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தன் வாய் மட்டும் தெரிந்துவிடுமா?

ஒரு நாள் முதலாளி அவரைக் கூப்பிட்டார். முதலாளி வயதில் சின்னவர். அப்பாவின் கடையை அப்பாவுக்குப் பிறகு நடத்துகிறவர். மூக்கு டாக்டரை அண்ணே என்றுதான் கூப்பிடுவார்.

"அண்ணே, நாளையிலிருந்து நீங்க பின்னாடி மெஷின் ரூமைப் பாத்துக்கங்க. அங்க ஒரு பெரிய கை வேணும்."

"அப்ப முன்னாடி அளவு யாரு எடுப்பா?"

"அதுக்குப் புதுசா ஒரு பொண்ணு வருது. நீங்க பாத்ததுக்கு அப்புறம் எல்லாம் வெளிய போகட்டும். மேற்பார்வைன்னு வெச்சுக்கங்களேன்."

மேற்பார்வை என்ற சொல்லை அவர் வீட்டுக்கு எடுத்துப் போய் மனைவியிடம் சொன்னார். "நல்லதுதாங்க" என்றாள். ஆனால் பின்னறையில் மேற்பார்வைக்கு ஒன்றும் இல்லை. தேய்க்கிறவர் தேய்த்தார், இவர் பார்த்தார். கண்ணாடிக் கதவு வழியாக முன்பக்கம் தெரிந்தது. அவருடைய முக்காலியில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தாள். எதிரே உட்கார்ந்த யாரும் பின்னால் சாயவில்லை. அந்தப் பெண்ணுக்கு முகராசி என்று அவர் நினைத்துக்கொண்டார். ஆனாலும் வயிறு எரிந்தது. மனுஷ முகங்களுக்கு நடுவே உட்கார்ந்து சம்பாதித்தவரைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னால் எரியாதா? எப்படியாவது அந்த முக்காலிக்குத் திரும்பிப் போய்விட வேண்டும் என்பது ஒன்றுதான் அவர் நினைப்பு.

பின்னறையில் லென்ஸ் தேய்க்கிற தூசி பறக்கும். தூசிக்கு மாஸ்க் போடச் சொன்னார்கள். பக்கத்து மருந்துக் கடையில் ஒரு பெட்டி வாங்கி வந்து மாட்டினார். மாட்டிய கொஞ்ச நேரத்தில் குமட்டியது. அழுகிய ஏதோ ஒன்றின் வாடை. கழற்றிப் போட்டுவிட்டு வேறொன்றை மாட்டினார். அதுவும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது அவருக்கு மூக்கு நுனி சிவந்துவிட்டது. பெட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேரே மருந்துக் கடைக்குப் போனார்.

கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். மருந்து எடுத்துக் கொடுக்கிற அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"என்னம்மா, குப்பைமேட்டுல கிடந்ததைப் பெட்டியில போட்டு விக்கிறீங்களா? நாத்தம் குடலைப் புடுங்குது!"

அவள் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து முகர்ந்தாள். "ஒரு வாடையும் இல்லையே சார்."

"சும்மா மோந்து பாத்தாத் தெரியாது. மாட்டிப் பாருங்க."

மாட்டிப் பார்த்தாள். மூச்சு இழுத்தாள், விட்டாள். "இல்லையே சார்."

"அப்ப உங்க மூக்கை முதல்ல காட்டுங்க, அதுலதான் கோளாறு."

நின்றிருந்தவர்களில் ஒருவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு மூக்கு டாக்டருக்குத் தெம்பாக இருந்தது. அந்த அம்மாள் பொறுமையாக வேறு ஒரு கம்பெனிப் பெட்டியைப் பிரித்து ஒன்றை நீட்டினாள். அவர் மாட்டிக்கொண்டு, லென்ஸில் ஊதுவது போல 'ஹா' என்று பலமாக ஊதி, உள்ளே இழுத்தார்.

"இதுவும் அதே சரக்குதான்! எல்லாக் கம்பெனியும் கூட்டுச் சேந்துக்கிட்டீங்களா?"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. முன்பு சிரித்தவர் அலமாரியில் இருந்த இருமல் மருந்தைப் படிக்க ஆரம்பித்தார். அந்த அம்மாள் மேசையைச் சுற்றி வெளியே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காதபடி தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ரெண்டும் வேற வேற கம்பெனி. மேல்மாடியில பல் டாக்டர் இருக்காங்க. ஒரு தடவ காட்டிடுங்க."

அவருக்கு முதலில் புரியவில்லை. பல்லுக்கும் மாஸ்குக்கும் என்ன? பிறகு புரிந்தது. புரிந்ததும் முகத்தில் ஈயாடவில்லை. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. பூமி அப்படியெல்லாம் கேட்டவுடனே பிளந்து கொடுப்பதில்லை. மாஸ்கைக் கழற்றக் கை போனது, உடனே திரும்பி வந்தது. கழற்றினால் எதிரே நிற்பவளுக்கு வாடை அடிக்கும். திருப்பிக் கொடுக்கக் கொண்டுவந்த பெட்டியை அக்குளிலேயே வைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார்.

அன்றைக்கு வேலை ஓடவில்லை. பிடரியைப் பிடித்து முன்னால் இழுத்த முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. உதட்டை இறுக்கி மூடிக்கொண்ட பள்ளிக்கூட வாத்தியார். கண்ணை மூடிக்கொண்ட புதுப் பெண். கண்ணைத் திறங்க, திறங்க என்று அவளை எப்படி அதட்டினார்! 'ஹா' என்று ஊதித் துடைத்துக் கொடுத்த கண்ணாடியை வாசலில் நின்று மறுபடி கைக்குட்டையால் துடைத்தவர்கள் எத்தனை பேர்! சுத்தக்காரர்கள் என்று அவர்களை மெச்சியிருந்தார். முதலாளி ஏன் மெஷின் ரூம் என்றார் என்பதும் அப்போதுதான் விளங்கியது. கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தவரைப் பார்த்து லென்ஸ் தேய்க்கிறவர் என்ன என்று கேட்டார். பல் டாக்டரிடம் போகலாமா என்று பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

"போங்க, ஆனா சுத்தம் மட்டும் பண்ண விடாதீங்க. பல்லுல இருக்கற காரைதான் பல்லைப் பிடிச்சிக்கிட்டு நிக்குது. அதைச் சுரண்டினா அம்புட்டும் ஆடிடும்" என்று அவர் மெஷினை நிறுத்தாமலே தீர்ப்பு எழுதினார்.

மறுநாள் மாஸ்கோடு மாடிப்படி ஏறினார். பல் டாக்டர் நிமிர்ந்தபோது முகத்தைவிட முதலில் கண்ணாடிதான் அவருக்கு அடையாளம் தெரிந்தது. பழுப்பு நிறச் சட்டம். வலது காதுக் கம்பியைச் சூடு காட்டி வளைத்தது அவரே. இந்தப் பெண்ணின் பிடரியையும் பிடித்திருக்கிறார்.

"நீங்க கண்ணாடிக் கடை சார்தானே? உக்காருங்க. மாஸ்கைக் கழட்டுங்க."

அவர் கழற்றவில்லை.

"இங்க எல்லாரும் அதுக்குத்தான் சார் வர்றாங்க" என்றாள் அவள், சாதாரணமாக.

நாற்காலி பின்னால் சாய்ந்தது. இத்தனை வருஷம் மற்றவர்களைச் சாய விடாதவர் இப்போது தானே மல்லாந்து கிடந்தார். அவள் கோடு கோடாக அளவு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை எடுத்து, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே விட்டு விட்டு எடுத்தாள். ஒவ்வொரு தடவையும் ஓர் எண்ணைச் சொன்னாள். பக்கத்தில் உதவிக்கு இருந்த பெண் அதைக் கணினியில் ஏற்றினாள்.

"மூணு. நாலு. ஆறு. ஏழு. ஏழு."

"ஏழுன்னா?" என்று வாய்க்குள் விரல் இருக்கும்போதே கேட்டார்.

"மில்லிமீட்டர் சார். நல்லா இருக்கற ஈறுல ரெண்டு மூணுதான் இறங்கும்."

ஒரு மில்லிமீட்டர் என்றால் என்ன என்று அவருக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரண்டு மில்லிமீட்டர் தவறினால் கண்ணாடி போட்டவர் தலையைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார். இங்கே ஏழு. தன் வாயில் தானே அளக்காமல் விட்ட ஏழு.

அவள் விளக்கினாள். பல்லில் படிந்த காரை ஈறுக்கு மேலே கொஞ்சம்தான் தெரியும். மிச்சம் ஈறுக்கு அடியில், வேரோடு ஒட்டிக்கொண்டு இறங்கும். ஈறு பல்லை விட்டு விலகிப் பை மாதிரி ஆகிவிடும். அந்தப் பைக்குள் பிரஷ் போகாது. உள்ளே கிடப்பது அழுகி நாறும், பல்லைத் தாங்குகிற எலும்பும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும்.

"வலிக்கவே இல்லையேம்மா?"

"அதுதான் இதுல சிக்கல். சொல்லாமக் கொள்ளாம வரும். பல் தேய்க்கும்போது ரத்தம் வந்திருக்குமே?"

"வந்துச்சு. புண்ணைக் கிளற வேணாமேன்னு அந்தப் பக்கம் தேய்க்கிறதையே விட்டுட்டேன்."

"ரத்தம் வந்தா இன்னும் நல்லாத் தேய்க்கணும் சார். நீங்க தலைகீழாப் பண்ணியிருக்கீங்க."

"சுத்தம் பண்ணா பல் ஆடிடும்னு சொல்றாங்களே?"

"ஏற்கனவே ஆடுறது காரை போனதும் தெரிய வரும். சுவரே இடிஞ்சுக்கிட்டிருக்கும்போது மேல பூசின சுண்ணாம்பா சார் தாங்கும்?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். கேட்கலாமா வேண்டாமா என்று இருந்தது. கேட்டுவிட்டார்.

"நீங்க கடைக்கு வந்தப்பவே உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே?"

அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "தெரிஞ்சுது."

"பல் டாக்டர் நீங்களே சொல்லலேன்னா வேற யாரும்மா சொல்லுவா?"

"சொல்லத்தான் வாயெடுத்தேன் சார். எனக்கு முன்னாடி உக்காந்திருந்த அம்மா, கம்பி காதுல குத்துதுன்னாங்க. கம்பி குத்தல, உங்க காதுதான் போய்க் கம்பியில இடிக்குதுன்னு நீங்க சொன்னீங்க. அவங்க பாதியிலயே எழுந்து போயிட்டாங்க. அதைப் பாத்ததும் எனக்குத் தைரியம் வரல. தப்பு எம்மேலதான், நான் சொல்லியிருக்கணும்."

பாதியில் எழுந்துபோன அந்த அம்மாளை அவருக்கு நினைவிருந்தது. அவள் போனபிறகு அதைப் பின்னறையில் லென்ஸ் தேய்க்கிறவரிடம் சொல்லி இருவரும் சிரித்திருந்தார்கள். இப்போது சிரிப்பு வரவில்லை.

வைத்தியம் ஒரே நாளில் முடிகிறதல்ல. ஒரு நாள் வலது பக்கம், அடுத்த வாரம் இடது பக்கம். ஊசி போட்டு மரக்க வைத்து, தண்ணீர் பீய்ச்சுகிற கருவி ஒன்றை உள்ளே விட்டாள். கீச்சென்று சத்தம். பிறகு வளைந்த முனைக் கம்பிகளால் ஒவ்வொரு வேராகக் கையாலேயே சுரண்டினாள். வலி இல்லை. ஆனால் சுரண்டுகிற சத்தம் மண்டை ஓட்டுக்குள் கேட்டது. கறுத்த துணுக்குகளும் ரத்தமும் குழாய் வழியாகப் போவதை அவர் பார்த்தார். ஒரு பெண்பிள்ளை தன் வாயின் அழுக்கை இப்படி வழித்துக்கொண்டிருக்கிறாளே என்று கண்ணின் ஓரம் கசிந்தது. வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். வலித்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மரத்துப்போன கன்னத்தோடு வீட்டுக்குப் போனார். தண்ணீர் குடித்தால் வழிந்தது. மனைவி ஒரு தடவை பார்த்தாள், சாப்பாட்டைக் குழைய வைத்துக் கொடுத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காததை அவர் அதிர்ஷ்டம் என்று எடுத்துக்கொண்டார். முகம் பார்க்கிற கண்ணாடிக்கு முன்னால் நின்று, பல்லிடுக்கில் விடுகிற குட்டி பிரஷை ஒவ்வொரு சந்திலும் விட்டு எடுத்தார். வீக்கம் வற்றியதும் ஈறு மேலேறி, பல் நீண்டுவிட்ட மாதிரி தெரிந்தது. பல்லுக்குப் பல் இடைவெளி. 'ச' வரும் இடத்தில் காற்றுப் போயிற்று. பல்லு போனால் சொல்லு போச்சு என்பார்கள். அவருக்குப் பல் போகாமலே சொல் கொஞ்சம் போயிருந்தது. மறுபடி அளந்து பார்க்கப் போனபோது ஏழு இருந்த இடத்தில் நாலு என்றாள் டாக்டர். இனிமேல் விடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும், ஆனால் பல் தங்கிவிடும் என்றாள். மாஸ்க் மாட்டி ஊதிப் பார்த்தார். துணி வாடைதான் அடித்தது. ஆனாலும் அவருடைய மூக்கை அவரே நம்பவில்லை. இத்தனை வருஷம் ஏமாற்றிய மூக்கு அது.

நேரே முதலாளியிடம் போனார்.

"எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு. வைத்தியம் பாத்துக்கிட்டேன். நீங்க அன்னிக்கே மூஞ்சிக்கு நேரா சொல்லியிருக்கலாம்ல?"

முதலாளி நெளிந்தார். "உங்ககிட்ட எப்படிண்ணே சொல்றது? சொன்னா அன்னிக்கே சட்டையை மாட்டிக்கிட்டுக் கிளம்பிடுவீங்க. பூனைக்கு யாரு மணி கட்டுறதுன்னு நாங்க எல்லாரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பாத்துக்கிட்டிருந்தோம்."

"எல்லாரும்னா?"

"எல்லாரும்தாண்ணே."

அவர் முக்காலியை இழுத்துப் போட்டு முதலாளியை உட்கார வைத்தார். எதிரே உட்கார்ந்து, அளவுகோலைப் புருவத்துக்குக் கீழே வைத்து, மூச்சை நன்றாக விட்டார். முதலாளி சாயவில்லை. "ஒண்ணுமே இல்லண்ணே. திங்கக்கிழமையிலிருந்து முன்னாடி வந்துடுங்க" என்றார்.

கேட்டது கிடைத்துவிட்டது. ஆனால் தெருவில் நடக்கும்போது சந்தேகம் பிடித்துக்கொண்டது. முதலாளி நிஜமாகத்தான் சாயாமல் இருந்தாரா, பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாரா? முன்பும் இதே முகத்தோடுதானே சிரித்துக்கொண்டிருந்தார்? திங்கட்கிழமை மறுபடி ஒருவருடைய பிடரிக்கு அருகே கையைக் கொண்டுபோவதற்கு முன்னால் யாராவது ஒருவர் உண்மையைச் சொல்ல வேண்டும். யோசித்துப் பார்த்தார். ஒரே ஒருத்திதான் இருந்தாள்.

வீட்டுக்குள் நுழையும்போது சாயங்கால வெளிச்சம் இருந்தது. மனைவி அடுப்படியில் நின்றிருந்தாள்.

"இங்க வா. இத மோந்து பாத்துச் சொல்லு." 'ஹா' என்று ஊதினார்.

"நல்லாத்தாங்க இருக்கு" என்றாள் அவள், நின்ற இடத்திலிருந்தே. மூச்சைக்கூட இழுக்கவில்லை.

"கிட்ட வராமலே எப்படித் தெரியும்?" அவருக்குக் குரல் ஏறியது. "ஊரே சேந்து மறைச்சிருக்கு. கடைக்காரங்களை விடு, அவங்க வெளியாளுங்க. நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? கட்டின பொண்டாட்டிதானே நீ?"

அவள் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்தாள்.

"சொன்னேங்க."

"எப்ப சொன்ன?"

"பாப்பா கல்யாணத்துக்கு முன்னாடி. சாப்பிட்டுக்கிட்டிருந்தீங்க. மெதுவாத்தான் சொன்னேன், வாயில ஏதோ வாடை வருது, டாக்டர்கிட்டக் காட்டுங்கன்னு."

"அப்படி ஒண்ணும் எனக்கு ஞாபகம் இல்லை."

"மறுநாள் எங்கண்ணன் வந்திருந்தாங்க. எல்லாரும் கூடத்துல இருந்தோம். நீங்க சொன்னீங்க, 'மச்சான், உங்க தங்கச்சிக்கு என் வாய் பிடிக்கலையாம். வேற நல்ல வாயாப் பாத்துக் கட்டி வைங்க'ன்னு."

அது ஞாபகம் இருந்தது. நன்றாகவே இருந்தது. மச்சான் சிரித்த சிரிப்பில் புரையேறியது. மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதை அவர் பிற்பாடு கடையிலும் சொல்லியிருக்கிறார். தான் அடித்த நல்ல ஜோக்குகளில் ஒன்றாக அதை மனசுக்குள் வைத்திருந்தார். அதற்கு முதல் நாள் அவள் சொன்னது மட்டும் சுத்தமாகத் துடைபட்டுப் போயிருந்தது.

"நீயும் சிரிச்சியே" என்றார்.

"எல்லாரும் சிரிக்கும்போது நான் மட்டும் என்னங்க பண்றது?"

அவள் கோபத்தோடு சொல்லவில்லை. கோபத்தோடு சொல்லியிருந்தால் அவரும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். வெட்கம் அவருக்குக் காதுவரை ஏறியது. மருந்துக் கடையில் பட்ட அவமானம், பல் டாக்டரின் நாற்காலியில் பட்டது, எல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை. அங்கெல்லாம் அவர் நாறியது அவருக்குத் தெரியாமல். இங்கே தெரிந்தே செய்திருக்கிறார். கட்டியவள் கிட்டே வந்து சொன்ன ஒரு வார்த்தைக்காக, அவளைக் கூடப்பிறந்தவனுக்கு முன்னால் நிற்க வைத்துச் சிரித்திருக்கிறார். அதன்பிறகு இந்த வீட்டில் அவரிடம் யார் எதைச் சொல்வார்கள்?

"தப்புதான்" என்றார். அந்தச் சொல்லைச் சொல்லிப் பழக்கம் இல்லாததால் அது காற்றோடு காற்றாக வந்தது.

அவள் அடுப்பைத் தணித்தாள். பிறகு பக்கத்தில் வந்தாள். எத்தனையோ வருஷமாக அவ்வளவு பக்கத்தில் வந்ததில்லை. கெட்டுப்போயிற்றா என்று பாலைப் பார்ப்பது போல, கண்ணை மூடி முகர்ந்து பார்த்தாள்.

"இல்லீங்க. இப்ப இல்ல. நெசமாத்தான் சொல்றேன்."

அவர் நம்பினார். முதலாளி சொன்னபோது வராத நிம்மதி இப்போது வந்தது. ஆனால் அவள் உடனே நகரவில்லை.

"இன்னொண்ணும் இருக்கு. ரொம்ப நாளா சொல்லணும்னு. சொல்லவா?"

"சொல்லு."

"கோபப்பட மாட்டீங்களே?"

"மாட்டேன், சொல்லு."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். துணி காயப்போடுவதற்கு முன்னால் வானத்தைப் பார்க்கிற மாதிரி நெற்றியைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள். அவர் முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"வேணாங்க, இன்னொரு நாள் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு, அவள் அடுப்பைப் பார்க்கத் திரும்பிக்கொண்டாள்.